மூன்று வருடமும் நான்கு மாதமும்

ஜேர்மனியின் கட்டாய இராணுவ சேவைச் சட்டம், ஐந்தாம் பிரிவு: சேவையில் சேரவேண்டிய நாளில் இருபத்துமூன்று வயது நிறைவடையாத ஆண்களே அடிப்படைச் சேவைக்கு அழைக்கப்படுவர். ஆயுதம் தூக்க மறுத்து, அதற்குப் பதிலாக முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ பொதுச்சேவை செய்ய ஒப்புக்கொண்டவர்களுக்கும் அதே வயதுதான். முன்னர் இருபத்தைந்தாக இருந்த எல்லையை 2004 இலையுதிர் காலத்தில் இருபத்துமூன்றுக்கு இறக்கினார்கள். என் மகன் சுகந்தன் சேவைக்குச் சேரவேண்டிய நாளில் அவனுக்கு வயது இருபத்துமூன்றும் மூன்று மாதமும். ஆகவே இந்தச் சட்டம் அவனைத் தொட்டிருக்கக் கூடாது. தொட்டது. அதற்குக் காரணம் ஜேர்மன் அரசு அல்ல, நான்.

இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டு. இங்கே அரசாங்கம் ஒருவனை மிரட்டும்போதும் மரியாதையாக மிரட்டும். சேவைக்கு வராமல் மூன்று முழு நாட்களுக்கு மேல் நின்றால் மூன்று ஆண்டுவரை சிறை என்று ஒரு பந்தியில் எழுதிவிட்டு, கடிதத்தின் அடியில் ‘நட்பான வாழ்த்துகளுடன்’ என்று கையெழுத்து வைப்பார்கள். ஊரில் எங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோக வந்தவர்கள் எவரும் கடிதம் போட்டு வரவில்லை. படலையை உதைத்துக்கொண்டு வந்தார்கள். வாழ்த்தும் சொல்லவில்லை. நான் முப்பது வயதுமுதல் வடபகுதிக் கச்சேரி ஒன்றில், மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். இங்கே ஒரு களஞ்சிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். எந்தக் கடிதம் வந்தாலும் வலது மேல் மூலையில் ‘கிடைத்தது’ என்று எழுதித் திகதி போட்டுவிட்டுத்தான் வாசிப்பேன். வாசிக்கும் முன்னரே ஒரு கடிதம் பாதி அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

1985இல் நான் கிழக்கு பேர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு சுற்றிவளைப்பில், அடையாள அட்டையை இடது கையால் நீட்டியதற்காக ஒரு சிப்பாய் துவக்குப் பிடியால் என் வாயில் அடித்தான். இரண்டு பல்லோடு சேர்த்து அரச உத்தியோகத்தின் மீதிருந்த பற்றையும் தார் றோட்டில் துப்பினேன். மனைவி தவமணியும் மூன்று வயது மகனும் அங்கேயே நின்றார்கள். அவர்களை அழைக்கும் உரிமை எனக்குக் கிடைக்க ஒன்பது வருடமாயிற்று. அதற்குள் மகன் வளர்ந்துவிட்டான். பிரச்சினையே அதுதான். வளர்ந்த பையன்களுக்குப் பிரதேசத்தை விட்டு வெளியேற, அப்போது அதை ஆண்ட இயக்கத்தின் அனுமதிச் சீட்டான பாஸ் கிடைக்காது. எத்தனை வயதில் ஒருவன் வளர்ந்தவன் ஆகிறான் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்கவில்லை. அது பாஸ் எழுதுகிறவனின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டு விமலனை ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டு நின்றவனை, அப்படியே இயக்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். தாய் ஜீப்பின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நூறு யார் இழுபட்டாள். முழங்காலில் எலும்பு தெரிந்தது என்று தவமணி எழுதியிருந்தாள். நான்காம் மாதம் விமலன் சீல் வைத்த பெட்டியில் வந்தான்.

அந்தக் கடிதத்தை வாசித்த அன்று நான் பதிவாளர் அலுவலகத்திலிருந்த என் நண்பன் செல்லத்துரைக்கு ஏழு குறிப்புகளை எழுதி அனுப்பினேன். பழைய பதிவைத் திருத்தாதே, மை காட்டிக்கொடுக்கும். காலங்கடந்த பதிவென்று புதிதாக ஒன்று போடு. சாட்சிகளாக இறந்துபோனவர்களைப் போடாதே. இப்படிப் போய், ஆறாவது குறிப்பில் பழைய ஏட்டின் பக்கத்தை என்ன செய்ய வேண்டும் என்றும், ஏழாவதில், அதன் இரண்டாம் பிரதி மேலிடத்துக்குப் போயிருக்கும், அதையும் கவனி என்றும் எழுதினேன். கச்சேரியில் கற்றதெல்லாம் ஒரே கடிதத்தில் பயன்பட்டது. 1981 நவம்பர் இரண்டாம் திகதி பிறந்த என் மகன், 1985 மார்ச் பதினோராம் திகதி மறுபடி பிறந்தான். மூன்று வருடமும் நான்கு மாதமும் இளையவனாக, ஒன்பது வயதுப் பாலகனாக, பாஸ் எடுத்து வெளியே வந்தான். மறுவருடம் செல்லத்துரை ஷெல் விழுந்து இறந்தான். உடம்பைப் பொறுக்கித்தான் எடுத்தார்களாம்.

இங்கே மார்ச் பதினொன்றில் கடையில் கேக் வாங்கி, அயல்வீட்டு ஜேர்மன்காரருக்கும் கொடுத்தோம். நவம்பர் இரண்டில் தவமணி பால்புக்கை பொங்குவாள். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. பன்னிரண்டு வயதுப் பையனை மூன்றாம் வகுப்பில் இருத்தினார்கள். அவன் முழங்கால் மேசையின் கீழ் நுழையாது. பதின்மூன்றில் மீசை அரும்பியபோது, அதைப் பள்ளிக்கூடம் போகுமுன் என் சவர அலகால் மழித்துவிட்டவன் நான். ஒருநாள் கை வழுகி மேலுதடு கிழிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

2001இல் எங்களுக்கு ஜேர்மன் குடியுரிமை கிடைத்தது. பதினெட்டு வயதான ஜேர்மன் ஆணுக்கு அரசாங்கம் கடிதம் போடும் என்று எனக்குத் தெரியும். பதறவில்லை. மனச்சாட்சிக்கு விரோதமாக எவரையும் ஆயுத சேவைக்கு வற்புறுத்தலாகாது என்பது அரசியலமைப்பின் நான்காம் உறுப்புரை. ஒரு மறுப்புக் கடிதம் எழுதினால் போதும், முதியோர் இல்லத்தில் ஒன்பது மாதத்தோடு முடிந்துவிடும். அந்தக் கடிதத்தை நானே எழுதினேன், நல்ல ஜேர்மன் மொழியில். எவர்மீதும் கை ஓங்கியதில்லை, வன்முறை என் இயல்புக்கே அந்நியமானது என்றெல்லாம் எழுதி, காரணமாக மின்கம்பத்தையும் சேர்த்தேன். சுகந்தன் ஆறு வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில், மின்கம்பத்தில் கட்டிச் சுட்டுக்கொல்லப்பட்ட ஒருவரைப் பார்த்தவன். தலை முன்னால் தொங்கியதையும், கழுத்தில் மாட்டியிருந்த மட்டையில் எழுத்து நனைந்து போயிருந்ததையும், ஒரு நாய் கம்பத்தின் அடியை நக்கியதையும் சொல்லுவான். ஆனால் புதிய பிறந்த திகதிப்படி அப்போது அவனுக்கு மூன்று வயதுதான் ஆகியிருக்கும். ஆகவே மூன்று வயதில் கண்டேன் என்று எழுதினேன்.

அவன் வாசித்துவிட்டு மேசையில் போட்டான்.

“மூண்டு வயசில பாத்தது ஆருக்கு அப்பா ஞாபகம் இருக்கும்?”

“அவங்கள் கணக்குப் பாக்க மாட்டாங்கள். கையெழுத்தை வை.”

“இது உங்கட மனச்சாட்சி. என்ரையில்லை.”

ஆனாலும் வைத்தான். சில வாரங்களில் அவன் மனச்சாட்சி அங்கீகரிக்கப்பட்டதாக நட்பான வாழ்த்துகளுடன் பதில் வந்தது.

2004 ஆகஸ்டில், ரூர் பகுதியில் எங்கள் நகரத்து மைதானத்தில், பழைய மாணவர் சங்கங்களின் உதைபந்தாட்டப் போட்டி நடந்தது. கூடாரங்கள், ஒலிபெருக்கி, கொத்துரொட்டித் தகட்டின் சத்தம். ஊரில் அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு கிராமங்கள் ஜேர்மன் புல்லில் எதிரெதிரே நின்றன. வருடக்கணக்காக எல்லாருக்கும் கடிதம் வாசித்துச் சொன்னதற்காக அன்று என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் அதோடு முன்வரிசையில் இருந்தேன். இருபத்தொரு வயதுக்கு உட்பட்டோருக்கான அரையிறுதி. சுகந்தன் பின்காப்பாளன். பந்தைத் தடுத்த அவனுடைய உதையில் எதிரணிக்காரன் ஒருவன் விழுந்தான். எதிரணியின் கோல்காப்பாளன் கேதீஸ் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான்.

“றெஃபரி! உவனுக்கு இருபத்தொண்டுக்குள்ளேயோ? உவன்ர மீசைக்கே இருபத்தொண்டு வயசு!”

சனம் சிரித்தது. கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “தாடி தனிய வந்து அசூல் அடிச்சதடா!”

கேதீஸ் விடவில்லை. “உவன்ர தேப்பனார் கச்சேரிக் கிளாக்கர். வயசு வெட்டி ஒட்டுறதுதான் அவற்ற தொழில். உவன் எப்ப பிறந்தவன் எண்டு உவன்ர தாயைக் கேட்டுப்பார், ரெண்டு திகதி சொல்லுவா!”

இதைச் சொன்ன கேதீஸின் பாஸ்போர்ட்டிலும் உண்மையான திகதி இல்லை என்பது எனக்குத் தெரியும். அவனுடைய அசூல் என்கிற அகதித் தஞ்ச விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். மைதானத்தில் நின்ற இருபத்திரண்டு பேரில் பாதிப்பேர் தங்களுக்குத் தாங்களே தம்பிமார். ஆனால் அது பேசப்படுகிற விஷயம் அல்ல. சுகந்தன் மூலைக்கொடியின் கம்பைப் பிடுங்கினான். ஓங்கியதை நான் கண்டேன். முற்றிய தேங்காயைக் கத்தியின் முதுகால் அடிக்கும் சத்தம் கேட்டது. கேதீஸின் கீழ்த்தாடை ஒரு பக்கம் விலகி, வாய் மூடமுடியாமல் தொங்கியது. விழுந்தவன் மேல் சுகந்தன் இரண்டாந்தரமும் அடித்தான். மூன்றாந்தரம் ஓங்கியபோது யாரோ அவன் கழுத்தில் உதைத்தார்கள்.

பிறகு இரண்டு கிராமமும் இறங்கியது. கூடாரத்துத் தடிகளைப் பிடுங்கினார்கள். ஐம்பது வயதுச் சங்கப் பொருளாளர் மடிப்புக் கதிரையால் ஒருவனின் முதுகில், கதிரை மடியும்வரை அடித்தார். கொத்துரொட்டிக் கடைக்காரரின் தகட்டைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடினான். அது ஒருவரின் முன்கையை எலும்புவரை திறந்தது. ஒலிபெருக்கி மட்டும் “தயவுசெய்து விளையாட்டை விளையாட்டாக எடுங்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் போர்த்தியிருந்த பொன்னாடையைக் கழற்றி, கேதீஸின் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டினேன். சரிகை இரத்தத்தில் தோய்ந்து கனத்தது. அவன் கண்ணால் என்னைப் பார்த்தான். ஏசுவதற்கு அவனிடம் வாய் இருக்கவில்லை.

பொலிஸ் நாய்களோடு வந்தது. சாட்சி கேட்டபோது நாற்பது பேர் தனித்தனியே ஒரே பதிலைச் சொன்னார்கள். மொழிபெயர்த்தவன் நான். “நான் அப்ப ரொயிலற்றில நிண்டனான்.”

இளம் பொலிஸ்காரன் எழுதுவதை நிறுத்தி, இங்கே எத்தனை கழிப்பறை இருக்கிறது என்று என்னிடம் கேட்டான். ஒன்று என்றேன். சமையலில் ஏதும் பழுதா, சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டுமா என்று கேட்டான். அவன் நையாண்டி பண்ணவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டான்.

பொது இடத்தில் கூட்டமாக வன்முறை செய்தது, ஆபத்தான பொருளால் உடற்காயம் விளைவித்தது என்று வழக்கு. இங்கேதான் சட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. குற்றம் செய்த நாளில் இருபத்தொரு வயது நிறைவடையாதவனை இளையோர் சட்டத்தின் கீழ் விசாரிக்கலாம். சில வாரத் தடுப்பும் புத்திமதியுமாக முடியக்கூடும். நிறைவடைந்தவனுக்கு ஆறு மாதத்திலிருந்து பத்து வருடம்வரை சிறை. காகிதப்படி சுகந்தனுக்குப் பத்தொன்பது. உண்மைப்படி இருபத்திரண்டு. செல்லத்துரையின் பதிவு இன்னொருமுறை அவனைக் காப்பாற்றப்போகிறது என்று நான் நிம்மதியாகக் கோப்பை ஒழுங்குபடுத்தினேன்.

வழக்குக்குத் திகதி வருமுன்னர், 2005 பெப்ரவரி முதலாம் திகதி முதியோர் இல்லத்தில் சேரும்படி சேவைக் கட்டளை வந்தது. அன்று காலை அவன் படுக்கையை விட்டு எழும்பவில்லை. நான் கதவில் நின்று சட்டத்தைச் சொன்னேன். மூன்று முழு நாட்கள் கழிந்தால் அது ஒழுங்குக் குறைபாடல்ல, குற்றம். வைத்தியத் துண்டு எடு, நான் விண்ணப்பம் எழுதுகிறேன் என்றேன். இரண்டாம் நாளும் சொன்னேன். மூன்றாம் நாளும் சொன்னேன். நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு அவன் சமையலறைக்கு வந்து தேத்தண்ணி ஊற்றினான்.

“இண்டைக்கு நாலாம் நாள். உனக்கு விளங்குதோ? இனி நீ குற்றவாளி.”

“நான் ஏற்கெனவே சேவை செய்திட்டன் அப்பா. மூண்டு வருஷமும் நாலு மாசமும். உங்கட பேப்பருக்கு.”

நான் அறைந்தேன். அறுபத்தேழு வயதில் ஒரு கை எவ்வளவு பலமாக விழமுடியும் என்பது எனக்கே தெரிந்திருக்கவில்லை. கோப்பை உடைந்து சுடுதேத்தண்ணி அவன் காலில் கொட்டியது. அவன் காலை எடுக்கவில்லை. பதிலுக்கு என் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். எலும்பு நெரிந்தது. அவன் மேலுதட்டுத் தழும்பு என் முகத்துக்கு நேரே துடித்தது.

“எனக்கு என்ர வயசு வேணும்,” என்றான். “ஜெயிலுக்கெண்டாலும் என்ர வயசோட போறன்.”

தவமணி எங்களுக்கிடையில் வந்து நின்றாள். அவள் மகனைத் தடுப்பாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “இஞ்சேருங்கோ, பெத்தது நான். திகதியை நீங்கள் ரெண்டு பேரும் என்னட்டைக் கேக்கேல்லை. நீங்களும் கேக்கேல்லை, செல்லத்துரையும் கேக்கேல்லை.”

உடற்காய வழக்கு ஏப்ரலில் வந்தது. இளையோர் நீதிமன்றத்துக்கு உதவும் சமூகப் பணியாளர் ஒருவர், சுகந்தன் தன் வயதுக்கு மீறிய முதிர்ச்சி உள்ளவன் என்று அறிக்கை எழுதியிருந்தார். அந்த அலுவலகத்தில் நான் கண்ட மிகச் சரியான வசனம் அது. நீதிபதி ஒரு நடுவயதுப் பெண். பெயர் கேட்டார். பிறந்த திகதி கேட்டார்.

“இரண்டாம் திகதி, பதினோராம் மாதம், எண்பத்தொன்று,” என்றான் சுகந்தன்.

வழக்கறிஞர் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கள் சொல்வது உங்களுக்குத்தான் பாதகம். விளங்குகிறதா?”

“விளங்குகிறது.”

பார்வையாளர் வாங்கில் இருந்த நான் எழுந்து, அவன் பதற்றத்தில் உளறுகிறான் என்று சொன்னேன். என் வாழ்நாளில் நடைமுறையை மீறிப் பேசிய ஒரே தடவை அது. நீதிபதி என்னை இருக்கச் சொன்னார். பிறகு என் மறுப்புக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து வாசிக்கச் செய்தார். எவர்மீதும் கை ஓங்கியதில்லை. வன்முறை என் இயல்புக்கே அந்நியமானது. எதிரே கேதீஸ், தாடைக்குள் உலோகத் தகட்டோடு, உணவை உறிஞ்சுகுழலால் உறிஞ்சி உறிஞ்சி இருபது கிலோ மெலிந்து இருந்தான். என் அழகான வசனங்கள் ஒவ்வொன்றாக அவன் முகத்தில் போய் விழுந்தன.

தீர்ப்பு இளையோர் சட்டப்படியே வந்தது. தன்னைப் பெரியவனாகக் காட்ட, ஆவணங்களுக்கு முரணாக வயதைக் கூட்டிச் சொன்னது பிள்ளைத்தனமான எதிர்ப்புணர்வு, முதிர்ச்சியின்மைக்குச் சான்று என்று நீதிபதி விளக்கினார். நான்கு வாரத் தடுப்பு. அத்தோடு சம்பளமில்லாத வேலை, ஒரு முதியோர் இல்லத்தில். சுகந்தன் சிரித்தான். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

தடுப்புக்குப் போன அவன் விலாவில் ஒரு காயத்தோடு வந்தான். கேட்டால் படியில் விழுந்தேன் என்றான். முதியோர் இல்லத்துக்கு ஒழுங்காகப் போனான். ஆனால் சேவைக்கு வராமல் நின்ற வழக்கு தனியே கிடந்தது. இதில் இளையவனாக இருப்பதுதான் குற்றம்; இருபத்துமூன்று கடந்தவனுக்கு அந்தக் கட்டளையே செல்லாது. அந்தக் கோடையில் நான் ஒரு தாளை எடுத்து, 1994இல் என் மகனின் பிறந்த திகதி என் ஏற்பாட்டில் மாற்றப்பட்டது என்று அரச சட்டத்தரணிக்கு எழுதினேன். பொய்யால் பெற்ற குடியுரிமை பறிபோகலாம் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் ஒரு பந்தியில் நானே சுட்டிக்காட்டினேன். எதிராளிக்கு வேலை மிச்சம் பிடிப்பது நல்ல எழுதுவினைஞனின் பழக்கம்.

செய்தி எப்படியோ பரவியது. பொன்னாடை போர்த்திய சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“அண்ணை, நீங்கள் உங்கட பெடியன்ர வயசைக் கிண்டினால் எங்கட வயசெல்லாம் கிளம்பும். உங்களுக்கு ஒண்டு சொல்லுறன், எழுதிற கை கவனம்.”

இரண்டு நாளில் எங்கள் தபால்பெட்டியை உதைத்துச் சப்பளித்திருந்தார்கள். அதற்குள் நாய்ப்பீ கிடந்தது. நான் புதிய பெட்டி பூட்டினேன். பதில் வரவேண்டியிருந்தது.

அரச சட்டத்தரணியிடமிருந்து வந்த பதில் சுருக்கமானது. தகப்பனின் கூற்று ஆவணம் ஆகாது. மகனைக் காப்பாற்றத் தகப்பன் எதையும் சொல்லலாம். மூல ஏட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி வந்தால் வழக்குக் கைவிடப்படும், இல்லையேல் தொடரப்படும். அதுவரை நிறுத்திவைக்கப்படுகிறது. எத்தனை பேருக்கு இதே வசனத்தை நான் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறேன்! தாயின் சத்தியம் செல்லாது அக்கா, துண்டு வேணும் என்று.

ஊர்ப் பதிவாளருக்கும் இரண்டாம் பிரதி இருக்கும் மேலிடத்துக்கும் எழுதினேன். நினைவூட்டலும் அதற்கொரு நினைவூட்டலும் எழுதினேன். அடுத்த வருடம் அங்கே சண்டை மறுபடி மூண்டது. பாதை பூட்டினார்கள். தொலைக்காட்சியில் ஒரு பஸ்ஸின் கருகிய எலும்புக்கூட்டைக் காட்டியபோது, எனக்கு முதலில் வந்த யோசனை தபால் எந்த வழியால் வரும் என்பதுதான். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். என் நம்பிக்கை முழுவதும் ஏழாவது குறிப்பின் மேல் இருந்தது. இரண்டாம் பிரதியை எடுக்கச் செல்லத்துரை கொழும்புவரை போயிருக்க வேண்டும். காசு, பாஸ், சோதனைச் சாவடிகள். போயிருக்க மாட்டான். ஒரு அரச ஊழியனின் சோம்பேறித்தனத்தை நான் மனதார நம்பியது வாழ்வில் அந்தப் பதினைந்து மாதங்கள்தான்.

பதில் ஒரு வியாழக்கிழமை வந்தது, புனிதர்கள் தின விடுமுறைக்கு மறுநாள். சிங்க முத்திரை, கசங்கிய உறை, மூன்று வசனம். கோரப்பட்ட 1981ஆம் ஆண்டுப் பதிவு எமது ஏட்டில் இல்லை. மேலிடத்துப் பிரதியிலும் இல்லையென உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. மேற்படி நபரின் பிறப்பு 11.03.1985 எனவே பதியப்பட்டுள்ளது. செல்லத்துரை போயிருக்கிறான். சோதனைச் சாவடி ஒவ்வொன்றாகக் கடந்து, கொழும்புவரை போய், ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பிப்போய், ஷெல்லில் செத்திருக்கிறான்.

சுகந்தன் நின்றபடியே வாசித்தான்.

“அப்ப நான் பிறக்கேல்லையோ?”

அடுப்பில் பால்புக்கை பொங்கிக்கொண்டிருந்தது. தவமணி அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். மூன்று கோப்பையில் போட்டு மேசையில் வைத்தாள். ஒரு பக்கம் சிங்க முத்திரைக் கடிதம், மறுபக்கம் கழுகு முத்திரைக் கோப்பு. இரண்டு நாடுகளும் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் முழுமையாக ஒத்துப்போயிருந்தன. நடுவில் புக்கை ஆவி பறந்தது. சுகந்தன் கதிரையை இழுத்து இருந்து, சூடு ஆறுமுன்னரே சாப்பிடத் தொடங்கினான். வழக்கு இனித் தொடரும். அதற்குரிய கால எல்லைகள் எனக்குத் தெரியும்.

நான் முதலில் வாசித்துவிட்டேன், முறை தவறிவிட்டது. பேனாவை எடுத்து, கடிதத்தின் வலது மேல் மூலையில் எழுதினேன். கிடைத்தது: 02.11.2006.